நிலா தெரிந்தால் நாலு மணி

"நிலா தெரிஞ்சா விடிகாலை நாலு மணிக்கு வாங்க. தெரியலைன்னா ஆறு மணிக்கு வந்தாப் போதும்."

கறிக்கடை பாய் இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். 2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவே மாடியில் நின்றது. மைசூரு நஜர்பாத் பக்கம் ஒரு குறுக்குத் தெரு அது. மொத்தம் பதினாலு வீடு. எங்கள் வீட்டு மாடிதான் எல்லாவற்றையும்விட உயரம் என்பதால் எல்லோரும் இங்கேதான் ஏறி வந்தார்கள். மண்டியாக்காரர் வீட்டு அஜ்ஜியை இரண்டு பேரன்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். எதிர் வீட்டுச் சாச்சி நோன்பு திறக்க எடுத்துவைத்த பேரீச்சம்பழத்தட்டோடு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்துகொண்டு மேற்கே பார்த்தபடி இருந்தார்.

அன்று உகாதி. பழைய மைசூரு வட்டாரத்தில் உகாதிப் பிறையைப் பார்ப்பது பெரிய சடங்கு. பிறையைக் கும்பிட்டுவிட்டுச் சிறியவர்கள் பெரியவர்கள் காலில் விழுவார்கள். அதே பிறையைத்தான் சாச்சி வீட்டிலும் தேடினார்கள். அது தெரிந்துவிட்டால் நோன்பு முடிந்தது, விடிந்தால் ரம்ஜான். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் நோன்பு. ஆளுக்கொரு காரணம். பார்த்த திசை ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் தெருவுக்குப் பொதுவாக நெருப்பு மூட்டிக் கறி சுடுவதாக இருந்தோம். அதற்கு ஆட்டை எத்தனை மணிக்கு வெட்டுவது என்பது அந்தப் பிறையின் கையில் இருந்தது. தெரிந்துவிட்டால் பாய் காலையில் திலக் நகர் ஈத்கா மைதானத்துக்குத் தொழப் போகவேண்டும். அதற்குள் கடை வேலை முடித்து, குளித்து, புதுச்சட்டை மாட்டி, ஏழைகளுக்கு ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். ஆகவே நாலு மணி. தெரியாவிட்டால் விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு, ஆற அமர ஆறு மணிக்குக் கத்தியை எடுக்கலாம்.

பத்து நாளாகப் போட்ட திட்டத்தில் இப்படி ஒன்றல்ல, ஏழெட்டு முடிச்சு இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்த கதையைத்தான் எழுதப் போகிறேன். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி நெருப்பு மூட்டி விருந்து வைக்க நினைக்கிற யாருக்கும், மசாலாப் பக்குவத்தைவிட இந்த முடிச்சுகள்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கூறு போடும் நாள்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஹொசதொடகு என்றால் சட்டென்று பிடிபடாது. உகாதியன்று கன்னட வீடுகளில் வேப்பம்பூவும் வெல்லமும், ஒப்பட்டும், மாங்காய்ச் சித்ரான்னமும். மறுநாள்தான் கறி. மைசூரு, மண்டியா, ராமநகர, பெங்களூரு என்று பழைய மைசூருச் சீமை முழுக்க அன்று பாடூட்டம். பாடு என்றால் கறி, ஊட்ட என்றால் சாப்பாடு. அந்த நாளைத்தான் ஹொசதொடகு என்கிறார்கள். வர்ஷதொடகு என்பதும் உண்டு. ஆண்டின் முதல் வேலையை அன்று எப்படித் தொடங்குகிறோமோ அப்படியே ஆண்டு முழுக்க ஓடும் என்று நம்பிக்கை. அதனால் அன்றைக்கு வீட்டில் யாரையும் திட்டமாட்டார்கள், கடன் கேட்கமாட்டார்கள், வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். முந்தின இரவே கறிக்கடை வாசலில் வரிசை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

வரிசையில் நிற்க விரும்பாத தெருக்களில் சீட்டு இருக்கும். எங்கள் சீட்டு வாரம் 50 ரூபாய். ஐம்பது வாரம் கட்டினால் வீட்டுக்கு 2,500. பன்னிரண்டு வீடு சேர்ந்து 30,000 ரூபாய். அதில் இரண்டு கிடா வாங்கி, வெட்டி, குட்டெ போடுவோம். குட்டெ என்றால் குவியல். நம் ஊரில் தீபாவளிக்குக் கூறு போடுவார்களே, அதேதான். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு, குடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சமக் குவியலாக வைப்பது. தராசு வேண்டாம், கண்ணே தராசு. எந்தக் கூறும் இன்னொன்றைவிட உயர்ந்ததாகத் தெரியக்கூடாது என்பதுதான் வெட்டுகிறவரின் மரியாதை. என் தாத்தா அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து மைசூருக்கு வந்தவர். முதல் ஹொசதொடகுக்குக் கூறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நம்ம ஊர்ல பனையோலையில கட்டிக் கொடுப்பான், இங்க வாழையிலை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாராம். பாட்டி சொல்லிக் கேட்டது.

கிடா எங்கிருந்து என்று கேட்டால் இங்கே ஒரே பதில்தான். பன்னூர். மைசூருவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில், திருமகூடலு நரசீபுர வட்டத்தில் இருக்கிற ஊர். பண்டூர் ஆடு, மண்டியா ஆடு என்றெல்லாம் பெயர் சொன்னாலும் ஒரே இனம்தான். குட்டையான கால், உருண்ட உடம்பு, வெள்ளை மயிர், தொங்கும் காது, கொம்பில்லாத தலை. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் தலைகீழ் லாடம் மாதிரி வளைந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். இதன் கறியில் கொழுப்பு தனியாக ஒதுங்கி நிற்காமல் தசைக்குள்ளேயே ஊடுருவி இருப்பதால் வாயில் வைத்தால் கரையும். சாற்றுக்கு இதைவிட நல்ல கறி கிடையாது. ஆனால் நெருப்புக்கு மேல் வைத்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நெருப்பு யோசனை என் தம்பியுடையது. டொராண்டோவில் இருக்கிறவன், அப்போது ஊருக்கு வந்திருந்தான். அங்கே கோடையில் மூன்று நாள் விடுமுறை வந்தால் போதும், தமிழ்க் குடும்பங்கள் பூங்காவில் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. "சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாள் சேர்ந்தாப்ல வருது அக்கா. ஞாயிறு உகாதி, திங்கள் ஹொசதொடகு, ரம்ஜானும் அன்னைக்கே இருக்கலாம். அவங்கவங்க வீட்ல சமைச்சுச் சாப்பிடறதுக்குப் பதிலா தெருவோட உட்கார்ந்து சுட்டுச் சாப்பிடுவோம்" என்றான். கேட்க நன்றாக இருந்தது. சரி என்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

யாருக்கு எது ஆகாது

முதலில் போன வீட்டிலேயே நின்றுவிட்டேன். மூன்றாவது வீட்டு அக்காவின் குலதெய்வம் நஞ்சனகூடு ஸ்ரீகண்டேஸ்வரர். திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் கறி கிடையாது. இவர்கள் மட்டுமில்லை, மைசூருவில் திங்கள் கறி தொடாத வீடுகள் ஏராளம். ஹொசதொடகு திங்களன்று வந்தால் அவர்கள் செவ்வாய்க்குத் தள்ளிப்போட்டுக்கொள்வார்கள். செவ்வாய் நமக்கெல்லாம் வேலைநாள்.

அடுத்து சாச்சி வீடு. பிறை தெரியாவிட்டால் திங்கள் நோன்பு. பகலில் தெருவெல்லாம் கறி வாசம் எழும்பும்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்டினியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நோன்பு பிடித்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று சாச்சா சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசி வீட்டுப் பெண்ணுக்கு எஸ்எஸ்எல்சி தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கூடாது. அவள் அம்மா கெஞ்சலாகக் கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. இதை நானே முதலில் நினைத்திருக்க வேண்டும்.

குடகு தம்பதியர் பன்றிக்கறி கொண்டுவருவதாகச் சொன்னார்கள். குடகர்களுக்கு அது விருந்தின் தலை. ஐயங்கார் மாமா வீட்டிலும், அவர்கள் பக்கத்து ஜைனக் குடும்பத்திலும் கறியே கிடையாது. ஜைன வீட்டில் பூண்டு, வெங்காயம், மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் ஆகாது.

இவை போதாதென்று ஒரு பழைய காயமும் இருந்தது. 2022 உகாதி சமயத்தில், ஹொசதொடகுக்கு ஹலால் கறி வாங்காதீர்கள் என்று கர்நாடகம் முழுக்க ஒரு பிரசாரம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்குள்ளும் அது நுழைந்தது. சீட்டு இரண்டாகப் பிரிந்தது. ஏழு வீடு ஒரு கடை, ஐந்து வீடு வேறு கடை. யாரும் யாரையும் ஏசவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஒரு வீட்டு வாசலில் கூறு போடும்போது அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி ஒன்று சேர்த்தவர் அஜ்ஜி. அவர் பெரிய நியாயம் எதுவும் பேசவில்லை. "இருபது வருஷமா இவர் கையால வெட்டினதைத்தான் நம்ம பிள்ளைங்க தின்னு வளர்ந்தாங்க. என் மக பிரசவத்துக்கு ஈரல் கொண்டுவந்து கொடுத்தவர் இவர்தான். அவர்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். சீட்டு நோட்டில் பன்னிரண்டு பெயரும் மறுபடி ஒரே பக்கத்துக்கு வந்தன.

அந்த அஜ்ஜியிடம்தான் என் நோட்டையும் கொண்டுபோனேன். திங்கள் ஆகாது, பகல் ஆகாது, பன்றி ஆகாது, ஹலால் இல்லாவிட்டால் சாச்சா வீட்டுக்கு ஆகாது, கறியே சில வீட்டுக்கு ஆகாது என்று படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னது இரண்டே விஷயம். பச்சைக் கூறு வேறு, நெருப்பு வேறு. நெருப்பைப் பொழுது சாய்ந்த பிறகு மூட்டு.

யோசித்துப் பார்த்தால் எல்லா முடிச்சும் அதில் அவிழ்ந்துவிட்டது. கூறு பச்சையாகத்தான் வீட்டுக்குப் போகிறது. நஞ்சனகூடு அக்கா தன் பங்கை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துச் செவ்வாயன்று சமைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தபின் நெருப்பு என்றால், பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சாச்சா வீடு உட்கார்ந்து சாப்பிடலாம். மார்ச் கடைசியில் மைசூருவில் சூரியன் ஆறரை மணி சுமாருக்கு இறங்கும். ஆகவே 6.40. பிறை வந்தாலும் வராவிட்டாலும் 6.40.

பொது நெருப்பில் சமைப்பதானால், தெருவிலேயே யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ அவரிடமிருந்து திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று அன்று புரிந்தது. எல்லாம் சாப்பிடுகிறவரை அழைப்பது சுலபம், அவர் எப்படியும் வந்துவிடுவார். முதலில் அவருக்காகத் திட்டம் போட்டுவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு ஓரத்தில் ஒரு தட்டு வைத்தால், அது அவர்களை விருந்தாளியின் விருந்தாளியாக்கி விடுகிறது. பொது நெருப்பில் ஏறுவது ஹலால் கறி மட்டும் என்று முடிவானது. குடகு தம்பி முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்தேன். மறுநாள் அவரே வந்து, பன்றிக்குப் பதிலாகக் கச்சம்புளி கொண்டுவருகிறேன், கோழிக்குத் தடவலாம் என்றார். கொடம்புளி வகைப் பழத்தின் சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிக் கருங்குழம்பாக்கி எடுப்பது கச்சம்புளி. குடகு வீடுகளில் அது ஒரு சொத்து. அரை பாட்டில் கொடுத்தார்.

சைவத்துக்குத் தனி நெருப்பு, தனிக் கம்பி, தனி இடுக்கி. அதைப் பெரிய நெருப்புக்குக் காற்று வருகிற பக்கமாக வைத்தோம், கறிப்புகை அந்தப் பக்கம் போகாதபடி. ஜைன வீட்டுக்காகக் குடமிளகாய், மக்காச்சோளம், பனீர். மற்ற சைவக்காரர்களுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கத்திரிக்காயை நஞ்சனகூடு அக்கா ஏற்றுக்கொண்டார்.

மாமா சொன்ன கணக்கு

ஐயங்கார் மாமா சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950இல் மைசூருவின் செலுவாம்பா மாளிகையில் தொடங்கியது. அரிசி, மசாலா, பால் மட்டுமில்லை, இறைச்சிக்கும் அங்கே தனித்துறை உண்டு. மாமா ஆயுளில் கறி சாப்பிட்டதில்லை. ஆனால் கறி எப்போது மிருதுவாகும், எப்போது கெடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

என் நோட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்டார். "நாலு மணிக்கு வெட்டி, ராத்திரி ஏழு மணிக்குச் சுடறேள். பதினைஞ்சு மணி நேரம். அப்பத்தான் தசை விறைச்சுண்டு நிக்கும், தெரியுமோ?"

வெட்டிய உடனே தசை தளர்வாக இருக்கும். சில மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும். குளிரில் ஓரிரு நாள் வைத்தால் மறுபடி இளகும். கிராமத்தில் வெட்டிய கையோடு குழம்பு வைப்பது ஏனென்றால், விறைப்பதற்கு முன்பே அது கொதித்துவிடுகிறது. நாங்கள் வைத்திருந்த நேரமோ நடுவில், சரியாக விறைப்பின் உச்சியில். தொடைக்கறியைத் துண்டு போட்டு நெருப்பில் வாட்டினால் செருப்பைக் கடிப்பது மாதிரி இருக்கும். சூட்டோடு சூடாக உறைபெட்டியில் திணித்தால் இன்னும் மோசம், தசை சுருங்கிக்கொள்ளும்.

ஆகவே திட்டம் மாறியது. பதினாலு கூறில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போகும். மிச்சம் இரண்டு கூறு, ஏறக்குறைய நாலு கிலோ, நெருப்புக்கு. அதில் சதையைக் கொத்திக் கைமாவாக்கிச் சீக்குக் கபாப். கொத்திவிட்டால் விறைப்பு ஒரு பொருட்டில்லை. ஈரலை அப்படியே சுடலாம். நெஞ்செலும்புச் சாப்ஸுக்குப் பப்பாளிக்காய் விழுது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பைன் தசையை அறுத்துக்கொண்டே போகும், மறந்துவிட்டால் களியாகிவிடும். கூடவே கோழி ஆறு கிலோ. கொத்திய கறியில் கிருமி வேகமாகப் பெருகும் என்பதால் பிற்பகலில்தான் கொத்த வேண்டும், கொத்தியதைக் குளிரிலேயே வைக்க வேண்டும் என்று மாமா இரண்டு முறை சொன்னார். கோழி உள்ளே 74 டிகிரி சூடு ஏற வேண்டும். தம்பி அங்கிருந்து கொண்டுவந்த ஊசி வெப்பமானி அதற்கு உதவியது. இத்தனையும் கறிவாசமே ஆகாத ஒருவர் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. தெருப்பிள்ளைகளுக்கு வயிறு கெடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு அதில் வேறு ஆதாயம் இல்லை.

கறி சுடுவது ஏதோ நேற்று வந்த வெளிநாட்டுப் பழக்கம் என்று எங்கள் தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரிலிருந்து கன்னட நாட்டை ஆண்ட மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த மானசோல்லாசத்தில், கறியைக் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டும் பக்குவம் இருக்கிறது. அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னால், பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் போன பொருநன் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியைச் சூடு பொறுக்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிச் சாப்பிடுகிறான். அந்தச் சூட்டை நானும் பட்டிருக்கிறேன். இது நம்முடையது.

நாலு மணியிலிருந்து

பிறையை முதலில் பார்த்தது அந்த எஸ்எஸ்எல்சி பெண்தான். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் மேலே வந்தவள், தென்னை மட்டைக்கு மேலே விரல் நீட்டினாள். நகக்கண் அளவு. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அஜ்ஜி கைகூப்பினார். சாச்சி இரு கைகளையும் விரித்து வேண்டிக்கொண்டார். பிறகு மாடியெங்கும் ஒரே கலகலப்பு. பிள்ளைகள் வரிசையாக அஜ்ஜி காலில் விழுந்தார்கள், சாச்சி வீட்டுச் சின்னவனும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஓடிவந்து விழுந்தான். வீட்டுக்காரர் கைபேசியை எடுத்துப் பாய்க்குச் சொன்னார்: "நாலு மணி."

சாச்சி அன்று பகலிலேயே கபாபுக்குப் பச்சை மசாலா அரைத்து வைத்திருந்தார். கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டு. நோன்பு என்பதால் உப்புச் சரிதானா என்று நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. மிக்ஸி மூடியைத் திறந்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு முறை மோந்தார். "இன்னும் ஒரு கல்" என்றார். கல் உப்பு ஒன்றைப் போட்டார். மறுநாள் நான் சுவைத்தபோது அதில் உப்புக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

விடிகாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்காரரும், தம்பியும், மண்டியாக்காரரும் கடைக்குப் போனார்கள். ஐந்தரைக்குள் பதினாலு கூறும் வாழையிலையில். இலைகளைத் தேவராஜ மார்க்கெட்டில் சனிக்கிழமையே வாங்கியாகிவிட்டது. உகாதிக்கு முந்தின நாள் மாவிலைக்கும் வேப்பம்பூவுக்கும் இடையில் நுழைந்து வெளியே வருவதே பெரும்பாடு. காலை பத்து மணிக்கு, ஈத்காவிலிருந்து திரும்பிய சாச்சா வீட்டிலிருந்து ஷீர் குர்மா வந்தது. மதியம் அவரவர் வீட்டில் சாறும் ராகிக் களியான முத்தெயும்.

நெருப்புக்கு ஒரு பீப்பாயை நெடுக்காகப் பிளந்து வெல்டிங் கடையில் கால் வைத்திருந்தோம். வாங்கிய அன்றே அதற்குள் விறகு போட்டு முழுக்க எரித்து, பழைய எண்ணெய்ப் பூச்சு போன பிறகுதான் உபயோகித்தோம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. தெருவில் நேராக வைத்தால் தார் இளகும் என்று மணல் கொட்டி, செங்கல் அடுக்கி, அதற்கு மேல் பீப்பாய். அடியில் விறகுக்கரி, மேலே கொட்டாங்குச்சிக் கரி. இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் பக்கத்தில். இந்த மாதத்தில் கோடை மழை சொல்லாமல் வரும் என்பதால் ஒரு தார்ப்பாயையும் கட்டத் தயாராகச் சுருட்டி வைத்தோம்.

6.40க்குப் பற்றவைத்தோம். கரி மேல் சாம்பல் பூத்து வெளுக்க அரைமணி நேரம் ஆனது. ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து நாலு எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் சூடு சரி.

முதல் சீக்கு நெருப்பில் ஏறிய உடனே எனக்கு அடி விழுந்தது. நான் பிசைந்த கைமா, கம்பியிலிருந்து வழுக்கி முழுசாகக் கரியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. பன்னூர் ஆட்டுக் கொழுப்பு உருகிச் சொட்டியதில் நெருப்பு மேலெழும்பி, மூன்றாவது கம்பி ஒரு பக்கம் கருகிவிட்டது. ஐம்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது, புகையால் மட்டும் இல்லை.

சாச்சி என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் பாத்திரத்தில் கை வைத்தார். "வெங்காயத் தண்ணியைப் பிழியலையா கண்ணு?" என்றார். அதுதான் பிழை. துருவிய வெங்காயத்தைத் துணியில் கட்டிப் பிழியாமல் சேர்த்திருந்தேன். இரண்டு கைப்பிடி வறுத்த பொட்டுக்கடலை மாவைத் தூவி, உள்ளங்கை அடியால் அழுத்தி அழுத்திப் பிசைந்தார். கைமா ஒட்டத் தொடங்கி, நூல் நூலாக இழுபட்டது. கையை ஈரமாக்கிக்கொண்டு கம்பியில் பிடித்து, விரலால் இடைவெளி விட்டு வரிவரியாக அழுத்தினார். தம்பி அதற்குள் கரியைப் பீப்பாயின் ஒரு பக்கம் ஒதுக்கினான். கொழுப்புள்ள கறி கரியில்லாத பக்கம் மெதுவாக வேகும், முடிவில் ஒரு நிமிடம் மட்டும் தணலுக்கு மேல். அதற்குப் பிறகு ஒரு கம்பிகூட விழவில்லை.

சைவ நெருப்பில் நஞ்சனகூடு அக்கா கத்திரிக்காயை நேரடியாகக் கரிக்குள்ளேயே போட்டிருந்தார். தோல் கருகி, உள்ளே கொழகொழவென்று ஆனதும் எடுத்து உரித்து, புளி, வெல்லம், கறிவேப்பிலைத் தாளிப்போடு பிசைந்த கொஜ்ஜு. கறி சாப்பிட்ட பாதிப்பேர் அதையும் கேட்டு வந்து நின்றார்கள். திங்கட்கிழமை விரதம் காத்த வீட்டுப் பாத்திரம்தான் அன்று முதலில் காலியானது. குடகுக் கோழி இரண்டாவது. கச்சம்புளி தடவிய தோல் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. ஐயங்கார் மாமா நாற்காலி போட்டு எட்டி உட்கார்ந்துகொண்டு, "ஊசியைத் தொடைக்குள்ள விடு, எலும்பைத் தொடாம" என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குத் தெரு அமைதி. அந்தப் பெண்ணின் ஜன்னலில் மட்டும் விளக்கு. அவளுக்குத் தட்டு எட்டு மணிக்கே போய்விட்டது. கரியில் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து, மணல் மூடினோம். ஆண்கள் இலைகளைச் சாக்கில் கட்டினார்கள். அஜ்ஜி வெற்றிலை மடித்துக் கொடுத்தார், மைசூரு வெற்றிலை.

செவ்வாய்க்கிழமை காலை நஞ்சனகூடு அக்கா வீட்டில் குக்கர் விசில் கேட்டது. கணக்குப் பார்க்க நோட்டோடு அஜ்ஜியிடம் போனேன். நெருப்புச் செலவுக்கென்று பதினாலு வீட்டிலும் தனியாக வாங்கியதில் 340 ரூபாய் மிச்சம். அடுத்த ஆண்டுச் சீட்டில் போட்டுவிடு என்றார். சாச்சாவும் அங்கே இருந்தார், பழைய காலண்டர் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு.

இரண்டு பண்டிகையும் நிலவை வைத்துத்தான். பன்னிரண்டு பிறைக்கு 354 நாள். ரம்ஜான் கணக்கில் ஆண்டு அதோடு முடிந்து, வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். உகாதிப் பஞ்சாங்கமோ மூன்றாண்டுக்கொரு தடவை போல ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். 2023இல் ஒரு அதிக மாதம், அடுத்தது 2026இல், உகாதி கழிந்த பிறகு. இடையில் சிக்கிய 2024, 2025, 2026 மூன்று உகாதியும் ரம்ஜானோடு தோள் உரசுகின்றன. 2027இல் உகாதி ஏப்ரல் 7க்குப் போய்விடும், ரம்ஜான் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும்.

"அப்ப இன்னும் ஒரு வருஷம்தான் சேர்ந்து வருது" என்றார் அஜ்ஜி.

2026 உகாதி மார்ச் 19, வியாழன். ஹொசதொடகு வெள்ளி. வெள்ளிக்கிழமை கறி தொடாத வீடு தெருவில் மூன்று. சாச்சா வீட்டில் அன்றும் நோன்பாக இருக்கலாம், பாய்க்கு ஜும்மா தொழுகை வேறு. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே தேதி போட்டு, முதல் வரியாக எழுதினேன்: நெருப்பு 6.40.